கன்னியம்மா பொய் சொல்லவில்லை

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. உத்திரமேரூரில் வீட்டோடு இருக்கிறேன். பேசியவள் ஷீபா. என் நாற்காலியில் இப்போது அவள்தான் பொறுப்பு நர்ஸ்.

"மேடம், ஸ்கேனுக்கு முன்னாடி பேஷண்ட்கிட்ட கேக்குற கேள்வித்தாளைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. பதினோரு கேள்வியை எட்டாக் குறைக்கணுமாம். ஆறாவது கேள்வி எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடட்டுமா?"

ஆறாவது கேள்வி இது: 'இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள்?'

"எடுக்காதே" என்றேன். காரணம் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவளை வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "எழுதி அனுப்புங்க மேடம், எல்லாரும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா, அம்மா இருவரும் மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச் பள்ளிக்கூடம், உதவித்தொகையில் நர்சிங், பிறகு இருபது வருடம் வார்டு வேலை. நான் இருந்தது செங்கல்பட்டுப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு அறக்கட்டளை மருத்துவமனை. அங்கே புற்றுநோய்ப் பிரிவு பெரிது. உடம்பில் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எந்திரம் வந்தபோது, நரம்பு கிடைக்காத கைகளில்கூட ஊசி போட்டுவிடுவேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை அங்கே மாற்றினார்கள். சென்னையில் மூன்று வாரப் பயிற்சி. அவ்வளவுதான்.

அந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். சர்க்கரை மாதிரியே இருக்கும் ஒரு மருந்தில் துளி கதிரியக்கம் சேர்த்து நரம்பில் ஏற்றுவோம். நோய் இருக்கிற இடம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் அந்த இடம் மட்டும் ஒளிரும். ஆனால் நோயாளியின் இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால், செல்கள் அதைத் தின்றே வயிறு நிறைத்துக்கொள்ளும். எங்கள் மருந்து உள்ளே போகாது. நோய் இருக்கும், படத்தில் தெரியாது. 'ஒன்றுமில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதைவிடப் பெரிய பாவம் எங்கள் வேலையில் கிடையாது. சர்க்கரை இருநூறைத் தாண்டினால் ஊசி இல்லை, இதுதான் எங்கள் துறையின் விதி.

விதியை வகுத்தவர் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் வைதேகி. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே வார்த்தைதான் கேட்பார்: "மணி?" சர்க்கரை நூற்றைம்பது என்று சொன்னால், "மணி?" சாப்பிட்டுவிட்டார் என்றால், "மணி?" நேரம் சேராத எண்ணை அவர் காதில் வாங்கவே மாட்டார். முதல் ஆறு மாதம் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு தப்பு செய்தேன். அதற்குப் பின் எரிச்சல் வரவில்லை.

தென்னேரியிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். சர்க்கரை இருநூற்று அறுபது. அன்று டாக்டர் வைதேகி விடுப்பு. டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். நரம்பு வழியாக இன்சுலின் போடச் சொன்னார். போட்டேன். முக்கால் மணி நேரத்தில் நூற்று ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். போனில் டியூட்டி டாக்டரிடம் எண்ணைச் சொன்னேன். "இறங்கிடுச்சா, அப்ப மருந்து போடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டர் வைதேகி என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். படத்தில் அந்த மனிதரின் தொடை, தோள், முதுகுச் சதை எல்லாம் தீபாவளி மாதிரி ஒளிர்ந்தன. நுரையீரலில் இருந்த கட்டி மங்கி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இன்சுலின் சதையின் கதவைத் திறந்துவிட்டிருந்தது; எங்கள் மருந்து முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்சுலின் மணி?"

"ஒன்பது இருபது."

"நம்ம மருந்து மணி?"

"பத்து பத்து."

"இத டியூட்டி டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

எண்ணைச் சொன்னேன், நேரத்தைச் சொல்லவில்லை. அந்த மனிதர் இன்னொரு நாள் பட்டினி கிடந்து, இன்னொரு முறை கதிரியக்கம் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. டாக்டர் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து நானும் எல்லோரிடமும் மணி கேட்கத் தொடங்கினேன்.

இன்னொன்றும் கற்றேன். பழக்கடைக்காரர் தணிகாசலம் ஒருநாள் வந்தார். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. "ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணிதான் சிஸ்டர், எங்கம்மா மேல சத்தியம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். திருப்பி அனுப்ப எழுந்தவள், அவர் கையிலிருந்து வந்த வாசனையில் நின்றேன். பலாச்சுளை. வரும் வழியில் கடையைத் திறந்து, ஒரு பழத்தை அறுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். பஞ்சால் துடைத்தும் போகாத இனிப்பு விரலில். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு! அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இத்தனை தெரிந்தும் கன்னியம்மாவை நான் நம்பவில்லை.

கன்னியம்மா காவாந்தண்டலத்துக்காரர். நாற்பத்தெட்டு வயது. நாற்று நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போனவர். நெறிகட்டிப் புற்றுநோய், லிம்போமா என்பார்கள். ஆறு கீமோ முடிந்திருந்தது. கழுத்துக் கட்டிகள் எல்லாம் கரைந்துவிட்டன. நெஞ்சுக்குள் மட்டும் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று மிச்சம். அது உயிருள்ள நோயா, காய்ந்த தழும்பா என்பதைச் சாதாரண ஸ்கேன் சொல்லாது. எங்கள் எந்திரம் சொல்லும். தழும்பு என்றால் சிகிச்சை முடிந்தது. நோய் என்றால் இன்னும் கடுமையான மருந்து. ஏற்கெனவே அவர் இதயம் தளர்ந்திருந்தது. அந்தக் கடும் மருந்தை அது தாங்குமா என்பது புற்றுநோய் டாக்டருக்கே சந்தேகம்.

கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அவருக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிட்டிருந்தது. மாத்திரை நின்றும் அது இறங்கவில்லை. தினம் இரண்டு வேளை இன்சுலின்.

முதல் முறை வந்தபோது முந்நூற்று எண்பத்தாறு. இரண்டு கையும் கழுவச் சொல்லிப் பார்த்தேன். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கும் அனுப்பினேன். அதே எண்தான். திருப்பி அனுப்பினோம். சர்க்கரை டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். மூன்று வாரம் கழித்து வந்தார். முந்நூற்று எழுபத்தொன்று.

அன்று நான் கத்தினேன். காத்திருக்கும் ஹாலில், முப்பது பேர் முன்னால்.

"என்னத்தைம்மா சாப்பிட்டுட்டு வர்றீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

கன்னியம்மா எழுந்து நின்றார். "நான் இன்னாத்தம்மா துன்னப் போறேன்? கேவுரு ரொட்டி ஒன்னு, மோரு ஒரு டம்ளரு. ஊசி தவறாம போட்டுக்கினு கீறேன்."

"ஊசி போட்டா இறங்கும். இறங்கலைன்னா போடல."

அவர் கணவர் ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நான் கவனித்தேன். அதையும் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். புற்றுநோய் டாக்டர் கோப்பில் எழுதினார்: 'உணவுக் கட்டுப்பாடு இல்லை. ஒத்துழைப்பு இல்லை. இன்னும் ஒரு முறை முயன்று, முடியாவிட்டால் நோய் மீதமிருப்பதாகக் கொண்டு அடுத்த சிகிச்சை.'

மாலையில் பஸ்ஸுக்காக வெளியே வந்தேன். கேட் ஓரம் ஏழுமலை தனியாக நின்றுகொண்டிருந்தார். மனைவி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், நீங்க உத்திரமேரூர்தானே? ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்து பாக்குறீங்களா?"

"நான் வந்து என்ன செய்யப் போறேன்?"

"நானும் அவள சந்தேகப்பட்டுட்டேன் சிஸ்டர். சட்டில சோறு கொறையுதான்னு மூடியத் தொறந்து பாத்தேன். அவ பாத்துட்டா. மூணு நாளா என்னோட பேசல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ துன்றாளா இல்லியான்னு நீங்க வந்து சொல்லிடுங்க. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதுதான் என்னைப் போக வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காவாந்தண்டலத்துக்குப் பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் கன்னியம்மா முகம் கல்லாகிவிட்டது. அடுப்பங்கரைக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். "பாத்துக்கோ. வெல்லம் கீதா? சக்கர கீதா? நல்லாப் பாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. "அதெல்லாம் வேணாம்மா. மத்தியான ஊசியைப் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"ரெண்டு வேளதான், காலைலயும் சாயங்காலமும். மத்தியானம் கெடையாது. அதக்கூடத் தெரிஞ்சிக்காம வந்துட்டியா?"

சரியான அடி. மருந்தையாவது காட்டுங்கள் என்றேன். அவர் ஏழுமலையை அனுப்பினார். அரை மணி கழித்துப் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உள்ளே இரண்டு சின்னப் பாட்டில்கள், ஒன்று தெளிவான இன்சுலின், மற்றது கலங்கல். வெளிப்புறம் பொடியாகப் பனி பூத்திருந்தது. கலங்கல் பாட்டிலைக் கன்னியம்மா எடுத்து, நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டிக் காட்டினார். குலுக்கவில்லை, உருட்டினார். சிரிஞ்சில் காற்று இழுக்கும் முறை, குத்தும் கோணம் எல்லாவற்றையும் சைகையில் செய்தார். எங்கள் மாணவிகள்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள்.

பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராகக் கலந்திருக்க வேண்டும். கலக்கவில்லை. திரிந்த பால் போல் திப்பி திப்பியாக மிதந்தது. கண்ணாடிச் சுவரில் துகள்கள் ஒட்டியிருந்தன.

"இதை எங்கம்மா வைக்கிறீங்க?"

"வூட்ல பிரிட்ஜி ஏது? பாய் கடைல வெச்சி வாங்கிக்கினு வருவோம். ஜில்லுன்னு வெக்கச் சொன்னீங்களே."

மூன்று பேரும் கடைக்குப் போனோம். தெருமுனையில் சின்ன மளிகைக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அவர் கடையில் இருந்தது பிரிட்ஜ் இல்லை; கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டி. மூடியைத் தள்ளினார். குச்சி ஐஸுக்கும் பால் ஐஸுக்கும் அடியில் ஒரு மூலை. அங்கே துணி விரித்துத் தனி இடம் செய்திருந்தார்.

"மருந்தாச்சேன்னு பசங்க கை படாத எடமா வெச்சிருக்கேன் சிஸ்டர். நல்லா அடில. அங்கதான் ஜில்லிப்பு ஜாஸ்தி. கேக்கும்போது எடுத்துக் கல்லாமேல வெச்சி, எளகினதும்தான் குடுப்பேன்" என்றார் பெருமையாக.

இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. ஒரு முறை உறைந்து இளகினாலே போயிற்று. கன்னியம்மா இத்தனை மாதமாகத் தினம் இரண்டு வேளை, ஒரு நாள் தவறாமல், வயிற்றில் குத்திக்கொண்டது செத்த மருந்தை.

நான் அதைச் சொன்னதும் பாய் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா! நல்லது பண்றதா நெனச்சிக் கெடுத்துட்டேனே."

"நீங்க கெடுக்கல பாய். ஜில்லுன்னு வைக்கணும்னு சொன்ன நாங்க, எங்கேன்னு கேக்கல."

கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். "அப்போ நான் துன்னல?"

"துன்னலம்மா."

அவர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை நடுத்தெருவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கன்னியம்மா அழவில்லை. "நோவுகூட பெருசில்ல சிஸ்டர். பொய் சொல்றேன்னு சொன்னீங்க பாரு, அதான் பேஜாரா இருந்திச்சி" என்றார்.

உடனே புதுப் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பத்தான் நினைத்தேன். கடைப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு யூனிட்டில் தொடங்கிய ஊசி, சர்க்கரை இறங்காததால் கூட்டிக் கூட்டி முப்பத்திரண்டில் நின்றிருந்தது. செத்த மருந்து முப்பத்திரண்டும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான். உயிருள்ள புது மருந்தை முப்பத்திரண்டு போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய், அன்று மாலையே அவர் மயங்கி விழுந்திருப்பார். அங்கிருந்தே சர்க்கரை டாக்டரைக் கூப்பிட்டேன். "நல்ல வேளை கேட்டீங்க. பழையபடி பன்னிரண்டிலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். புதுப் பாட்டில்களுக்குப் பாயின் மனைவி தங்கள் வீட்டு பிரிட்ஜில், கீழ்த் தட்டில் இடம் ஒதுக்கினார். என் சொந்த சர்க்கரை மெஷினைக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். தினம் நான்கு முறை பார்த்து, ஏழுமலை எனக்குப் போன் செய்ய வேண்டும். எண்ணைச் சொல்வார். நான் மணி கேட்பேன்.

மறுநாள் டாக்டர் வைதேகி முழுவதையும் கேட்டார். பிறகு கேள்வித்தாளை இழுத்து ஆறாவதாக அந்த வரியை அவரே எழுதினார். அடுத்த இரண்டு மாதத்தில் அந்தக் கேள்வியால் இன்னும் மூன்று பேர் பிடிபட்டார்கள். ஒருவர் டி.வி. மேல் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தார்.

பதினொரு நாளில் கன்னியம்மாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு வந்தது. டாக்டர் ஸ்கேனுக்கு நாள் குறித்தார். திட்டத்தை அவரே ஒரு தாளில் எழுதித் தந்தார்: காலை ஐந்தரைக்கு இரண்டு இட்லி, சீக்கிரம் அடங்கிவிடும் தெளிவான இன்சுலின் மட்டும். அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எங்கள் மருந்து. ஆறு மணி நேர இடைவெளியில் இன்சுலினின் வேகம் அடங்கிவிடும். சதை மருந்தைத் தின்னாது.

அன்று பதினொன்று நாற்பதுக்கு விரலில் குத்தினேன். இருநூற்றுப் பதினான்கு.

இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறார், பயம் வேறு. பயத்திலும் சர்க்கரை ஏறும். எங்கள் மருந்தோ சென்னையிலிருந்து காலையில் காரில் வருவது. ஈயப் பெட்டிக்குள் இருக்கும்போதே அதன் கதிரியக்கம் கரைந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதி. காத்திருக்கக் காத்திருக்க வீணாகும்.

"கொஞ்சம் இன்சுலின் போட்டு இறக்கிடலாமா டாக்டர்?" என்றார் டெக்னீஷியன்.

தென்னேரிக்காரரின் ஒளிர்ந்த தொடைகள் என் கண்முன் வந்தன. "வேணாம்" என்று டாக்டருக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்க. போர்வை போத்தி உக்கார வைங்க. நடக்க விடாதீங்க."

பன்னிரண்டு இருபதுக்கு இருநூற்று மூன்று.

"மூணுதானே டாக்டர் அதிகம். போட்டுடலாம்" என்றார் டெக்னீஷியன்.

"வேற யாருக்காவது இருந்தா போட்டிருப்பேன். இந்தம்மா படத்துல எனக்குச் சந்தேகமே மிச்சம் இருக்கக் கூடாது. மருந்து குறைஞ்சா மேசையில படுக்க வைக்கிற நேரத்தக் கூட்டிக்கலாம்."

கன்னியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை சில்லிட்டிருந்தது. "இன்னா சிஸ்டர், இன்னிக்கும் தொரத்திடுவீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்கு நாங்க காத்துக்கினு இருக்கோம்." வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் விட்டிருந்த எங்கள் ஊர்ப் பேச்சு, தானாக வந்தது. அவர் சிரித்துவிட்டார். முதல் முறையாக.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. நூற்று எண்பத்தொன்று. எண்ணையும் மணியையும் சேர்த்து நான் சொன்ன குரல் அடுத்த அறைவரை கேட்டதாம். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. மருந்து ஏறியது. ஒரு மணி நேரம் பேச்சில்லாமல், அசையாமல் படுத்திருந்தார். இரண்டு மணிக்கு மேசையில் ஏற்றினோம். வழக்கமாக இருபது நிமிடம். அன்று அரை மணி.

திரையில் படம் மேலிருந்து கீழாக வந்தது. மூளை ஒளிர்ந்தது, அது எப்போதும் ஒளிரும். தோள் இருட்டு, தொடை இருட்டு. மருந்து போகக்கூடாத இடத்துக்குப் போகவில்லை. படம் சுத்தம். டாக்டர் நெஞ்சுப் பகுதியைப் பெரிதாக்கினார். எலுமிச்சம்பழ அளவுக் கட்டி அங்கேயே இருந்தது, சாம்பல் நிறத்தில். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முன்னும் பின்னும் நகர்த்தினார். மூன்று முறை.

"தழும்பு" என்றார். "வெறும் தழும்பு."

அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தழும்பு தழும்பாகவே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து காட்டிவிட்டுப் போகிறார். போன சம்பாவில் நடவுக்குப் போனதாக என்னிடம் போனில் சொன்னார். திட்டினேன். கேட்கவில்லை.

அன்றைக்கு, அறிக்கை டைப் ஆகும்வரைகூட டாக்டர் வைதேகி காத்திருக்கவில்லை. கன்னியம்மாவின் கோப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். அன்றைய கடைசி நோயாளி கன்னியம்மாதான். ஹாலில் இருந்தவர்கள் அறிக்கைக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களின் துணைக்கு வந்தவர்களும். டாக்டர் அங்கே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கன்னியம்மா, உங்களுக்கு நோய் இல்லை. இன்னொன்னு. நீங்க சொன்னதெல்லாம் உண்மை. தப்பு எங்க மேல. இதுல தப்பா எழுதியிருந்ததைப் புற்றுநோய் டாக்டர்கிட்ட பேசி அடிச்சாச்சு."

ஏழுமலை எழுந்து கும்பிட்டார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் வந்தேன். "நானும் இதே எடத்துலதான் கத்தினேன். மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

கன்னியம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோய் இல்லை என்பது அவருக்குள் இறங்கிச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியதும் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சிஸ்டர். காலைலேர்ந்து வவுறு காஞ்சிக்கினு கீது. இப்போ துன்னலாமா?"

ஹாலே சிரித்தது. டாக்டர் வைதேகி சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கேன்டீனுக்கு நானே ஓடினேன். நான்கு இட்லி, சாம்பார், ஒரு வடை. ஹாலின் நடு நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, கன்னியம்மா நிதானமாகச் சாப்பிட்டார்.